பிர்ரோல் ஏன் பிரிடின் மாதிரி இல்லை என்று கேளுங்கள்

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளைகளுக்கும், அவர்களுக்குக் கேள்வித்தாள் எடுக்கிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஹெட்டிரோசைக்ளிக் கெமிஸ்ட்ரியை, அதாவது கார்பனோடு நைட்ரஜன் மாதிரி வேறு அணுவும் உள்ள வளையங்களின் பாடத்தை (பிர்ரோல் ஐந்து அணு வளையம், பிரிடின் ஆறு அணு வளையம்), நாம் மனப்பாடப் பாடமாக ஆக்கி வைத்திருக்கிறோம். எனக்குத் தெரிந்து ஆர்கானிக்கில் மனப்பாடமே அதிகம் தேவைப்படாத பகுதி இதுதான்.

சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆர் அண்ட் டி-யில் வேலை பார்க்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது இன்டர்வியூவில் என்னையும் உட்கார வைப்பார்கள். வருகிற பிள்ளைகள் நல்ல மார்க்கோடுதான் வருகிறார்கள். ஃபிஷர் இண்டோல் சிந்தசிஸ் போடச் சொன்னால் மளமளவென்று அம்புக்குறியோடு போட்டுவிடுகிறார்கள். இதே மாதிரி வளையம் கட்டுகிற ஸ்க்ராப், பால்-நார், ஹான்ட்ஷ் எல்லாமே அப்படித்தான். "சரிம்மா, ரெண்டுலயும் நைட்ரஜன் இருக்கு. பிரிடின் பேஸ், பிர்ரோல் ஏன் பேஸ் இல்ல?" என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. (பேஸ் என்றால் புரோட்டானை வாங்கிக்கொள்வது.) "அரோமாட்டிசிட்டி சார்" என்று ஒரு வார்த்தை வரும், அதாவது ஆறு பை எலக்ட்ரான் வளையம் முழுக்கப் பரவி அதை நிலையாக வைத்திருப்பது. அதற்கு மேல் வராது. பிள்ளைகள் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. இதை அவர்களிடம் யாரும் கேட்டதே இல்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, நைட்ரஜனின் லோன் பேர், அதாவது பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடி, எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பிரிடினில் அது வளையத்தின் தளத்திலேயே வெளிப்பக்கம் பார்த்து எஸ்பி2 ஆர்பிட்டாலில் இருக்கிறது. ஆறு பை எலக்ட்ரான் கணக்கில் அது சேரவில்லை. புரோட்டான் வந்தால் தாராளமாகக் கொடுக்கலாம், அரோமாட்டிசிட்டிக்கு ஒன்றும் ஆகாது. பிர்ரோலில் நான்கு கார்பனிலிருந்து நான்கு, நைட்ரஜனிலிருந்து இரண்டு, இப்படித்தான் ஆறு வருகிறது. அந்த ஜோடியைக் கொடுத்துவிட்டால் அரோமாட்டிசிட்டியே போச்சு. பிரிடினியத்தின், அதாவது புரோட்டான் ஏறிய பிரிடினின், பிகேஏ (இது குறையக் குறைய புரோட்டான் சுலபமாக விட்டுப்போகும்) 5.2 என்றும், புரோட்டான் ஏறிய பிர்ரோலுக்கு மைனஸ் 4-க்குப் பக்கம் என்றும் இருப்பது இதனால்தான். ஏறக்குறைய நூறு கோடி மடங்கு வித்தியாசம், ஒரு ஜோடி எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்பதால் வருவது!

இது பிடிபட்டால் பாதி சிலபஸ் தானாக வரும். பிர்ரோலில் ஐந்து அணுவுக்கு ஆறு எலக்ட்ரான், அதனால் எலக்ட்ரோஃபைல் (எலக்ட்ரான் தேடி வருவது) சுலபமாக ஏறும், அதுவும் முதலில் இரண்டாம் இடத்தில். பிரிடினில் நைட்ரஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், நைட்ரேஷனுக்கு (நைட்ரோ குழு ஏற்ற) 300 டிகிரி வரை சூடாக்கினாலும் மூன்றாம் இடத்தில் கொஞ்சூண்டுதான் கிடைக்கும். அதே காரணத்தால்தான் நியூக்ளியோஃபைலுக்கு (எலக்ட்ரான் கொடுக்க வருவதற்கு) அது வழிவிடுகிறது. சோடமைடு போட்டால் இரண்டாம் இடத்தில் அமினோ வந்து உட்காரும், சிச்சிபாபின் ரியாக்‌ஷன். நைட்ரஜனில் ஆக்சிஜனை ஏற்றி என்-ஆக்சைடாக மாற்றினால் நைட்ரோ நான்காம் இடத்துக்குப் போகிறது. ஏன் என்று ரெசொனன்ஸ், அதாவது எலக்ட்ரான் எங்கெங்கே நகரும் என்று, வரைந்து பாருங்கள், தெரியும். இதையெல்லாம் நோட்ஸில் தனித்தனி பாயின்டாக எழுதி உருப்போடுவது வீண் உழைப்பு. வளையங்களின் பெயரையும் நம்பரிங்கையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், அதில் வேறு வழியில்லை.

வீட்டில் யாராவது காலையில் வெறும் வயிற்றில், வயிற்று அமிலத்தைக் குறைக்கிற பான்டாப்ரசோல் போடுகிறார்களா? அதில் ஒரு பக்கம் பென்சிமிடசோல் (பென்சீனும் இமிடசோலும் ஒட்டிய வளையம்), மறுபக்கம் பிரிடின். ரத்தத்தின் வழியாக, வயிற்றில் அமிலம் சுரக்கிற செல்லுக்குப் போய்ச் சேர்ந்ததும் புரோட்டான் ஏறுகிறது. சார்ஜ் வந்துவிட்டதால் திரும்பி வர முடியாமல் அங்கேயே சேர்கிறது. பிறகு பிரிடின் நைட்ரஜனின் அதே லோன் பேர் பென்சிமிடசோலின் இரண்டாம் கார்பனைத் தாக்கி, மூலக்கூறு உருமாறி, அமிலத்தைச் சுரக்க வைக்கிற புரோட்டான் பம்ப் என்ற புரதத்தின் சிஸ்டீனோடு டைசல்ஃபைடு (கந்தக-கந்தக) பிணைப்பு போட்டுவிடுகிறது. மாத்திரைக்கு என்டெரிக் கோட்டிங் (வயிற்றில் கரையாத மேல்பூச்சு) கொடுப்பது, வயிற்று அமிலத்திலேயே இது முன்கூட்டி நடந்து மருந்து வீணாகிவிடக் கூடாது என்றுதான். பேசிசிட்டி என்ற தலைப்பை இதைவிட நன்றாகத் தொடங்க முடியுமா?

இன்னொன்று நம்ம ஊர்க் கதை. ஐசோனியாசிட் என்பது பிரிடினின் நான்காம் இடத்தில் ஒரு ஹைட்ரசைடு, அவ்வளவுதான். 1912-லேயே பிராக் நகரில் தயாரித்துவிட்டார்கள். காசநோய்க்குக் கேட்கும் என்று உலகுக்குத் தெரிந்தது 1952-ல். 1956-ல் மெட்ராஸில் தொடங்கிய காசநோய் மையம், அதாவது இன்று சேத்துப்பட்டில் இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், ஐசோனியாசிடும் பாஸ் (PAS) என்ற இன்னொரு காசநோய் மருந்தும் கொடுத்துப் பார்த்தது. வீட்டிலிருந்தே மருந்து எடுத்தவர்களும் சானடோரியத்தில் சேர்ந்தவர்கள் அளவுக்குக் குணமானார்கள் என்று 1959-ல் வெளியிட்டது. காசநோய்க்காரரை மாதக்கணக்கில் குடும்பத்தைவிட்டுப் பிரித்து வைக்கிற வழக்கம் உலகம் முழுக்க அதற்குப் பிறகு மாறியது. இதே ஊரில் உட்கார்ந்து பிரிடின் படிக்கிற பிள்ளைக்கு இதை வகுப்பில் ஒரு தடவையாவது சொல்ல வேண்டாமா?

பிராக்டிகலும் அப்படித்தான். ஹான்ட்ஷ் ரியாக்‌ஷனுக்குப் பெரிய செலவே இல்லை. எத்தில் அசிட்டோஅசிட்டேட், ஃபார்மால்டிஹைடு, அம்மோனியம் அசிடேட். சூடாக்கி ஆறவிட்டால் வெளிர் மஞ்சள் படிகம் கண்ணெதிரே இறங்கும். ஆல்டிஹைடையும் எஸ்டரையும் மாற்றினால் இதே ரியாக்‌ஷனில் பிரஷர் மருந்தான நிஃபெடிபின் வருகிறது. தன் கையால் வடிகட்டி எடுத்த பிள்ளைக்கு அந்த மெக்கானிசம் மறக்கவே மறக்காது.

கேள்வித்தாள் எடுக்கிறவர்களிடம் என் வேண்டுகோள் சின்னது. "ஃபிஷர் இண்டோல் சிந்தசிஸை விவரி" என்பதை ஒரு செமஸ்டராவது விட்டுவிடுங்கள். பதிலுக்கு, "இமிடசோலில் இரண்டு நைட்ரஜன் இருக்கின்றன, புரோட்டான் எதில் ஏறும், ஏன்?" என்று கேளுங்கள். பத்து மார்க் கொடுங்கள். அடுத்த வருஷமே வகுப்பில் பாடம் நடத்துகிற விதம் மாறிவிடும், ஏனென்றால் நம் கல்லூரிகளில் பாடத்தை நடத்துவதே கேள்வித்தாள்தான்.

படிக்கிற பிள்ளைகளே, இமிடசோல் கேள்விக்கு நீங்களே வரைந்து பார்த்துவிட்டு இன்பாக்ஸில் அனுப்புங்கள். சனி, ஞாயிறில் நேரம் இருக்கும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு வர முடிந்தவர்கள் வாருங்கள், பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசலாம்.