ஓக்லாண்ட் ஏ'ஸ்: கட்டியவரே இடித்த அணி

அமெரிக்க பேஸ்பாலில் எழுபதுகளின் ஓக்லாண்ட் அத்லெடிக்ஸ் (சுருக்கமாக ஏ'ஸ்) அணியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. ஆட்டக்காரர்களுக்கு ஃப்ரீ ஏஜென்ட் உரிமை, அதாவது ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை கிடைத்தது, பணக்கார அணிகள் நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போயின, பார்வையாளர் வருமானம் குறைந்த ஓக்லாண்ட் படுத்துவிட்டது என்பதே அந்த விளக்கம். 2024 செப்டம்பரில் அணி அந்த ஊரை விட்டே கிளம்பிய பிறகும் இதே வாதம் மீண்டும் சொல்லப்படுவதைக் காண்கிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. கதவு திறந்ததால் அந்த ஆட்டக்காரர்கள் போகவில்லை. போகவேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் எப்போதோ வந்துவிட்டிருந்தார்கள், கதவு திறந்தது அதன் பிறகுதான்.

சிகாகோவில் காப்பீட்டுத் தொழிலில் பணம் சேர்த்த சார்லி ஃபின்லி, கன்சாஸ் சிட்டியில் இருந்த இந்த அணியை 1960 இறுதியில் வாங்கி 1968இல் ஓக்லாண்டுக்குக் கொண்டுவந்தார். வெள்ளைக் காலணி, பச்சையும் மஞ்சளுமான சீருடை, மைதானத்தில் உலாவரும் கோவேறு கழுதை என்று அவருடைய வேடிக்கைகள் பிரசித்தம். ஆனால் ஆளை மதிப்பிடுவதில் அவருக்கு இருந்த கண் வேடிக்கையானதல்ல. வட கரோலினாவின் விவசாயக் குடும்பத்துப் பையன் ஒருவன் வேட்டைக்குப் போன இடத்தில் காலில் குண்டுச் சில்லுகள் பாய்ந்து, மற்ற அணிகள் தயங்கி ஒதுங்கிக்கொண்ட நிலையில், ஃபின்லி 75,000 டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்து, காலுக்கு அறுவை சிகிச்சையும் செய்வித்து, விளம்பரத்துக்காக 'கேட்ஃபிஷ்' என்ற பட்டப்பெயரையும் சூட்டினார். அந்தப் பையன்தான் 1968இல் ஒரு எதிராளியைக்கூட பேஸ் (ஓடிப் பிடிக்கவேண்டிய இடம்) ஏறவிடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்த கேட்ஃபிஷ் ஹன்ட்டர். ரெஜ்ஜி ஜாக்சன், சால் பாண்டோ, ஜோ ரூடி, ரோலி ஃபிங்கர்ஸ், வைடா ப்ளூ என்று அடுத்தடுத்து வந்த எல்லோருமே இந்த அணியிலேயே வளர்ந்தவர்கள்.

1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பேஸ்பாலின் இறுதிப்போட்டித் தொடரான வேர்ல்டு சீரிஸை வென்றார்கள். நியூயார்க் யாங்கீஸைத் தவிர வேறெந்த அணியும் இதைச் செய்ததில்லை. அதுவும் சக ஆட்டக்காரர்களோடு உடை மாற்றும் அறையில் கைகலந்துகொண்டே செய்தார்கள். 1974 ஜூனில் ஜாக்சனுக்கும் பில் நார்த்துக்கும் நடந்த சண்டையை விலக்கப்போன கேட்ச்சர் ரே ஃபாஸி கழுத்தில் காயம்பட்டுப் படுத்தார். ஒருவரையொருவர் பிடிக்காதவர்களையும் ஒரே பக்கம் நிறுத்தியது உரிமையாளர்மீது அவர்களுக்கு இருந்த வெறுப்புதான் என்பது என் எண்ணம்.

அந்த வெறுப்புக்குக் காரணம் இருந்தது. 1971இல் பிட்ச்சரான (பந்து வீசுபவர்) வைடா ப்ளூ 24 ஆட்டங்களை வென்று, 301 பேரை ஸ்ட்ரைக் அவுட் முறையில் வெளியேற்றி, லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் சிறந்த பிட்ச்சர் விருதையும் சேர்த்து வாங்கினார். அந்த ஆண்டு அவருடைய சம்பளம் 14,750 டாலர். மறு ஆண்டு உயர்த்திக் கேட்டபோது ஃபின்லி இழுத்தடித்து, சீசன் தொடங்கிய பிறகு 63,000 டாலருக்கு முடித்தார். ஒத்துக்கொண்டு வந்த ப்ளூ அந்த ஆண்டு ஆறே ஆட்டங்களைத்தான் வென்றார். பழைய உற்சாகம் அவரிடம் திரும்பவில்லை.

1973 இறுதிப்போட்டியில் நடந்தது இன்னும் கேவலமானது. இரண்டாவது ஆட்டத்தின் 12ஆவது இன்னிங்ஸில் இரண்டு பந்துகளைத் தவறவிட்ட மைக் ஆண்ட்ரூஸை, தோளில் காயம் என்று எழுதிய அறிக்கையில் ஃபின்லி கையெழுத்துப் போடவைத்து அணியிலிருந்து நீக்கப் பார்த்தார். சக ஆட்டக்காரர்கள் ஆண்ட்ரூஸின் 17ஆம் எண்ணை நாடாவால் தங்கள் சட்டையில் ஒட்டிக்கொண்டு பயிற்சிக்கு வந்தார்கள். பேஸ்பாலின் தலைமைப் பொறுப்பாளரான கமிஷனர் போவி கூன் தலையிட்டு அவரைத் திரும்பச் சேர்க்கவைத்தார். நான்காவது ஆட்டத்தில் அவர் மட்டையோடு இறங்கியபோது நியூயார்க் மெட்ஸ் ரசிகர்கள், அதாவது எதிரணியின் ரசிகர்கள், எழுந்து நின்று கைதட்டினார்கள். கோப்பையை வென்றதும் மேலாளர் டிக் வில்லியம்ஸ் பதவி விலகினார்.

அடுத்து ஹன்ட்டர். 1974இல் அவருக்குப் பேசிய ஒரு லட்சம் டாலரில் பாதியைக் காப்பீட்டு நிறுவனத்தில் செலுத்தவேண்டும் என்பது ஒப்பந்தம். அப்படிச் செலுத்தினால் தனக்கு உடனடி வரிச்சலுகை கிடைக்காது என்று தெரிந்ததும் ஃபின்லி கட்டவில்லை. ஒப்பந்தம் மீறப்பட்டது, எனவே ஹன்ட்டர் எந்த அணிக்கும் கட்டுப்பட்டவர் அல்லர் என்று ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் பீட்டர் சைட்ஸ் அந்த டிசம்பரில் தீர்ப்பளித்தார். யாங்கீஸ் 30 லட்சம் டாலருக்கும் அதிகமாகக் கொடுத்து ஆண்டின் கடைசி நாளில் அவரை அழைத்துக்கொண்டது. ஆட்டக்காரர்களை வாழ்நாள் முழுக்க ஒரே அணியோடு கட்டிவைத்த பழைய விதியை அதே சைட்ஸ் உடைத்தது இதற்கு ஓராண்டு கழித்து, 1975 டிசம்பரில்தான். ஆகவே, ஓக்லாண்டின் முதல் பெரிய இழப்பைப் புதிய விதியின் கணக்கில் எழுத முடியாது. 50,000 டாலரை மிச்சம் பிடிக்கப்போய் இழந்தது அது.

1976இல் ஃபின்லி ஜாக்சனைப் பால்டிமோருக்கு மாற்றிவிட்டார். ஜூன் 15 அன்று ப்ளூவை 15 லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கும், ரூடியையும் ஃபிங்கர்ஸையும் தலா 10 லட்சத்துக்கு பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கும் விற்றார். ரெட் சாக்ஸ் அப்போது ஓக்லாண்டில்தான் இருந்தது. இருவரும் எதிரணியின் அறைக்கு நடந்துபோய் அந்தச் சீருடையை மாட்டிக்கொண்டார்கள். மூன்றாம் நாள், விளையாட்டின் நலனுக்கு ஆகாது என்று கூன் இந்த விற்பனையை ரத்து செய்தார். இந்த ஓர் இடத்தில் நான் ஃபின்லி பக்கம். எப்படியும் போகப்போகிறவர்களை விற்று, வந்த பணத்தில் புதியவர்களைத் தேட அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் அதன்பின் அவர் செய்ததுதான் அவருடைய சுபாவம். திரும்பி வந்த மூவரையும் ஏறக்குறைய இரண்டு வாரம் களமிறக்க மறுத்தார். ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டிய பிறகே இறங்கிவந்தார். அந்த ஆண்டு கன்சாஸ் சிட்டியின் புதிய அணியான ராயல்ஸிடம் ஓக்லாண்ட் முதலிடத்தை இழந்த இடைவெளி வெறும் இரண்டரை ஆட்டம்.

சீசன் முடிந்ததும் ரூடி, ஃபிங்கர்ஸ், பாண்டோ, டெனஸ், கம்பனேரிஸ் எல்லோரும் ஒரே குளிர்காலத்தில் கிளம்பினார்கள். ஃபின்லிக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. 1977இல் புதிதாகத் தொடங்கப்பட்ட சியாட்டில் மரினர்ஸுக்கும் கீழே, கடைசி இடம். 1978 தொடக்கத்தில் ஆட்டங்களை ஒலிபரப்பியது பெர்க்லி மாணவர்களின் சிறிய வானொலி நிலையம். 1979இல் 54 வெற்றி, 108 தோல்வி. அந்த ஏப்ரலில் ஓர் இரவு, ஐம்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய அரங்கில் அறிவிக்கப்பட்ட கூட்டம் 653 பேர்.

இத்தனைக்கும் புதிய சந்தையை மற்ற உரிமையாளர்களைவிடச் சரியாகப் புரிந்துவைத்திருந்தவர் ஃபின்லிதான். எல்லா ஆட்டக்காரர்களையும் ஆண்டுதோறும் ஃப்ரீ ஏஜென்ட் ஆக்கிவிடுங்கள், சந்தையில் ஆள் நிறைந்தால் விலை தானாக இறங்கும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த யோசனையை ஏற்றுவிடுவார்களோ என்பதே தன் பெரிய பயமாக இருந்தது என்று ஆட்டக்காரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆண்டுக்கணக்காகச் சண்டை போட்டே பழகிய ஒருவர் நல்ல யோசனை சொன்னாலும் யார் நம்புவார்கள்?

ஆளை அடையாளம் காணும் அந்தக் கண் மட்டும் கடைசிவரை மங்கவில்லை. 108 தோல்விகளின் நடுவே, 1979 ஜூனில், ஓக்லாண்டிலேயே வளர்ந்த 20 வயது ரிக்கி ஹெண்டர்சன் முதல் ஆட்டம் ஆடினார். மறு ஆண்டே 100 பேஸ்களைத் திருடினார், அதாவது எதிரணி அசந்த நேரத்தில் ஓடி அடுத்த பேஸைப் பிடித்தார். அந்த 1980இல்தான் லெவி ஸ்ட்ராஸ் நிறுவனத்தின் ஹாஸ் குடும்பத்துக்கு ஃபின்லி அணியை 1.27 கோடி டாலருக்கு விற்றார். ஹெண்டர்சனும் அந்த விலைக்குள்ளேயே அடங்கிப்போனார்.