பெயர் சொல்லாமல் வருகிறவருக்கு எந்தக் கதவு திறக்கிறது?

இணையதளம் அமைக்கும்போது அட்மின் என்ன செய்யலாம், எடிட்டர் எதைத் திருத்தலாம் என்று மணிக்கணக்கில் பேசுவோம். லாகின் செய்யாமல் வந்து போகிறவர் எதையெல்லாம் பார்க்கலாம் என்று யாரும் கேட்பதில்லை. முதலில் தீர்மானிக்க வேண்டியதே அதுதான் என்பேன்.

இணையதளம் அமைக்கப் பயன்படும் ட்ருபல் மென்பொருளில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இது. லாகின் செய்யாதவருக்கும் அங்கே ஒரு பயனர் எண் உண்டு: 0. அவருக்கென்று தனி ரோல், தனி பெர்மிஷன் பட்டியல். யாரென்று தெரியாவிட்டாலும் அவரும் ஒரு பயனர்தான். அவருக்கு எது உண்டு, எது இல்லை என்று டிக் செய்தே ஆக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அமைப்பின் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்தது. விண்ணப்பிப்பவர்கள் தங்கள் அடையாளச் சான்றை அதில் ஏற்றுவார்கள். லாகின் செய்யாமல் ஒரு சான்றின் முகவரியைத் திறந்து பார்த்தேன், திறந்தது. கடைசியில் இருந்த எண்ணில் ஒன்றைக் கூட்டினேன். வேறொருவரின் படமும் பிறந்த தேதியும் கண்முன் நின்றன. உடம்பு சில்லிட்டுப் போனது. தளத்தை அமைத்தவரிடம் கேட்டேன். “அந்த லிங்க்தான் எங்கேயும் இல்லையே, யாருக்குத் தெரியும்?” என்றார்.

லிங்க்கை மறைப்பது பூட்டு ஆகாது. ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில் எழுதி வைப்பதும் பூட்டு ஆகாது. தேடுபொறிகளிடம் ‘இந்தப் பக்கம் வராதீர்கள்’ என்று கேட்டுக்கொள்ளும் கோப்பு அது. அதை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்பதால், ஒளித்து வைத்த இடத்தைச் சுட்டிக்காட்டியது போலவும் ஆகிவிடும். 2019இல் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற சொத்துரிமைக் காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் சுமார் 88.5 கோடி ஆவணங்கள் இப்படித்தான் திறந்து கிடந்தது தெரியவந்தது. எண்ணை மாற்றினால் அடுத்தவர் ஆவணம், லாகினே வேண்டாம். மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில், இணையச் செயலிகளின் பாதுகாப்புக் குறைகளில் முதலிடம் அனுமதிக் கட்டுப்பாட்டுக் கோளாறுக்குத்தான்.

இதற்கான விதி ஒன்றும் புதிதல்ல. கணினி ஆய்வாளர்கள் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975லேயே எழுதிவிட்டார்கள்: கொடுத்தால்தான் அனுமதி, கொடுக்காவிட்டால் இல்லை. எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு ஒவ்வொன்றாக மூடினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அமேசான் எஸ்3 என்ற இணையச் சேமிப்பகத்தில்கூடப் புதிதாக உருவாக்கும் சேமிப்பிடங்கள் எல்லாவற்றுக்கும் பொது அணுக்கத்தைத் தானாகவே தடுக்கும் வழக்கம் 2023 ஏப்ரலில்தான் வந்தது.

சரி, அதற்காக எல்லாவற்றையும் பூட்டிவிடலாமா? கூடவே கூடாது. வெறும் தகவலைப் படிக்கவும் கணக்குத் தொடங்கு, போன் நம்பர் கொடு என்று கேட்கும் தளங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. தனக்கு வந்திருக்கும் நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வருகிறவர், வீட்டில் அடிபட்டு எங்கே உதவி கிடைக்கும் என்று தேடுகிறவர், இவர்கள் ஏன் பெயர் சொல்ல வேண்டும்? கேட்டு வாங்கும் ஒவ்வொரு விவரமும் நாளை நாம் காப்பாற்ற வேண்டிய சுமையும்கூட. படிப்பதைத் தாராளமாகத் திறந்து வையுங்கள். எழுதுவது, கோப்பு ஏற்றுவது, அடுத்தவர் விவரத்தைப் பார்ப்பது, இவற்றில்தான் கறார் வேண்டும். பட்டனை மறைத்தால் போதாது, ஒவ்வொரு முறையும் சர்வர் சரிபார்க்க வேண்டும்.

பக்கங்களை வேகமாகக் காட்ட நகல் எடுத்து வைக்கும் கேஷையும் கவனியுங்கள். சரியாக அமைக்காவிட்டால், லாகின் செய்தவருக்காக உருவான பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்து வருகிறவருக்குக் கொடுத்துவிடும். அதனால் புது பிளக்இன் போட்டாலும் அப்டேட் செய்தாலும் இன்காக்னிட்டோவில், அதாவது என் லாகின் ஒட்டாத தனி பிரவுசர் சாளரத்தில், ஒரு முறை தளத்தைச் சுற்றி வருவேன். அட்மினாக லாகின் செய்த கண்ணுக்கு இந்த ஓட்டைகள் தெரியவே தெரியாது.

அந்த அமைப்பின் கோப்புகளை அன்றிரவே வெளியிலிருந்து எட்ட முடியாத ஃபோல்டருக்கு மாற்றினேன். உரியவர் லாகின் செய்து கேட்டால் மட்டும் சர்வர் எடுத்துக் கொடுக்கும்படி செய்தேன். அப்புறம், சான்று ஏற்றியிருந்த எல்லோருக்கும் நடந்ததைத் தெரிவிக்கச் சொன்னேன். தயங்கினார்கள். விடாமல் கேட்டேன். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் போனது.