சுயாதீனப் போர்ச் செய்தியாளருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லையா?

“நிறுவன அடையாள அட்டை இல்லாமல் போர்முனைக்குச் செல்லும் செய்தியாளரைச் சர்வதேசச் சட்டம் பாதுகாக்காது” என்ற தகவல் பரவுகிறது. இது தவறு, ஆபத்தான தவறும்கூட.

போர் விதிகளை வகுக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை, பிரிவு 79, போர்ப் பகுதியில் பணிபுரியும் செய்தியாளர்களைப் பொதுமக்களாகவே கருதுகிறது. சண்டையில் நேரடியாகப் பங்கேற்காதவரை அவர்களைக் குறிவைத்துத் தாக்கக் கூடாது. மாதச் சம்பளம் வாங்குபவரா, கட்டுரைக்கு ஊதியம் பெறுபவரா என்று அது பார்ப்பதில்லை. அட்டை, தொழிலுக்கான சான்று மட்டுமே.

படையின் அனுமதியுடன் அதனோடு செல்பவர் பிடிபட்டால் போர்க்கைதித் தகுதி (பிடிபட்ட படைவீரருக்குரிய சட்டப் பாதுகாப்பு) உண்டு, தனியாகச் செல்பவருக்கு இல்லை. குழப்பம் இங்கிருந்து வந்திருக்கலாம்.

சுயாதீனச் செய்தியாளருக்கு உண்மையில் பெரும்பாலும் கிடைக்காதவை காப்பீடும் பயிற்சியும்தான். 2011-இல் லிபியாவின் மிஸ்ராட்டாவில் காயமடைந்த புகைப்படக் கலைஞர் டிம் ஹெதரிங்டன் இரத்தம் இழந்து இறந்தார். அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கர், சுயாதீனச் செய்தியாளர்களுக்கு முதலுதவி கற்பிக்கும் அமைப்பை அதன் பிறகே தொடங்கினார்.