பீரோவுக்குள் வின்டேஜ் போர்ட்: விற்கவா, குடிக்கவா?

மதுரையில் ஒற்றை பாட்டில் வின்டேஜ் போர்ட்டை வைத்துக்கொண்டு, விற்றால் என்ன கிடைக்கும் என்று இணையத்தில் விலை பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் பதில்: விற்கிற நினைப்பை விடுங்கள். பங்குனிக்குள் குடித்து முடியுங்கள். அக்னி நட்சத்திரம் வரை இழுக்காதீர்கள்.

முதலில் கையில் இருப்பது என்னவென்று பாருங்கள். நம் ஊரில் போர்ட் ஒயின் என்றதும் கோவா போய் வருகிறவர்கள் வாங்கி வரும் மலிவான இனிப்பு ஒயின்தான் நினைவுக்கு வரும். அதை எத்தனை வருடம் பூட்டி வைத்தாலும் தரம் ஏறாது. நான் சொல்வது போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் எடுப்பது. திராட்சைச் சாறு பாதி நொதித்திருக்கும்போதே 77 சதவீத திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பை நிறுத்திவிடுவார்கள். இனிப்பு உள்ளேயே தங்கிவிடும், ஆல்கஹால் 20 சதவீதம் பக்கம் நிற்கும். திராட்சையின் தரம் அமோகமாக இருந்த ஆண்டில் மட்டும், மரப் பீப்பாயில் இரண்டு மூன்று ஆண்டு வைத்து, வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்தால் அது வின்டேஜ். மீதி வயதெல்லாம் பாட்டிலுக்குள்தான் ஏறும். 1963, 1977, 1994, 2011 எல்லாம் பேர் போன ஆண்டுகள்.

லேபிளில் ஆண்டு இருந்தாலே வின்டேஜ் என்று நம்பிவிடாதீர்கள். 'லேட் பாட்டில்டு வின்டேஜ்' என்று இருந்தால் அது நான்கு முதல் ஆறு ஆண்டு மரத்தில் இருந்து, பெரும்பாலும் வடிகட்டி வருவது. 'கொல்யெய்ட்டா' என்பது ஒரே ஆண்டு அறுவடைதான், ஆனால் குறைந்தது ஏழு ஆண்டு மரத்திலேயே கிடந்து பழுப்பேறிய 'டானி' வகை. 10, 20, 30, 40 என்று வயது போட்ட டானியும் அப்படித்தான், கடைக்கு வரும்போதே பக்குவமாகத்தான் வரும். இவற்றுக்கெல்லாம் யோசனையே தேவையில்லை, திறந்து குடித்துவிடலாம்.

விற்பதற்கு வருவோம். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். உரிமம் இல்லாமல் ஒரு பாட்டிலை விற்றாலும் 1937 மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். முகநூல் குழுவில் 'சீரியஸ் பையர்ஸ் மட்டும்' என்று படம் போடுவது, நீங்களே சாட்சியத்தை எழுதிக் கொடுப்பது மாதிரி.

சட்டத்தை விடுங்கள், சரக்கே விலை போகாது. வெளிநாட்டு ஏலத்தில் கேட்கிற முதல் கேள்வி, பாட்டில் இத்தனை நாள் எங்கே படுத்திருந்தது என்பதுதான். 12, 13 டிகிரி நிலவறையில் அசையாமல் கிடந்ததற்குத்தான் அந்த விலை. கே.கே.நகர் வீட்டுப் பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் பதினைந்து சித்திரை பார்த்த பாட்டிலுக்கு அந்த விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதே வீண். வெயிலில் உள்ளே இருக்கும் ஒயின் விரிந்து தக்கையை மேலே தள்ளும். ராத்திரி ஏசி போட்டதும் சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். நாள் தவறாமல் இது நடந்தால், கெட்டுப்போக வேறு காரணமே வேண்டாம்.

கழுத்தைப் பாருங்கள். மூடித்தகடு உப்பியிருக்கிறதா, விளிம்பில் வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுப்பு காய்ந்திருக்கிறதா? பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் ஒயின் கழுத்தில் நிற்க வேண்டும். தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் கசிந்திருக்கிறது. அப்போதும் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். போர்ட் கொஞ்சம் தாங்கும், திறந்து முகர்ந்துவிட்டு முடிவு செய்யுங்கள். வினிகர் வாசமோ நகப்பூச்சு வாசமோ அடித்தால்தான் கதை முடிந்தது.

லண்டனில் இருக்கும் மச்சான் முழுப் பெட்டியாக, மரப்பெட்டி பிரிக்காமல், கிடங்கில் ரசீதோடு வைத்திருந்தால் அது வேறு கணக்கு. அங்கேயே விற்கட்டும். பாசத்தில் பாட்டில் பாட்டிலாக இங்கே கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இனி குடிக்கிற வேலை. இதில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். விமானத்திலோ பஸ்ஸிலோ வந்த பாட்டிலுக்கு இரண்டு வாரமாவது ஓய்வு கொடுங்கள். ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டில் துணி சுற்றிப் படுக்கப் போட்டால் போதும். பழைய பாட்டில் சிலவற்றில் வெள்ளைப் பெயின்ட் தீற்றல் இருக்கும், அந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும். வண்டல் எதிர்ப்பக்கம் ஒட்டியிருக்கும். குடிப்பதற்கு இரண்டு நாள் முன்பே மெதுவாக நிமிர்த்திவிடுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும்.

தக்கைதான் பெரிய தலைவலி. போர்ட் பாட்டிலின் கழுத்து நடுவில் லேசாக உப்பியிருக்கும். தக்கை அங்கே விரிந்து உட்கார்ந்துவிடுவதால் மேலே இழுக்கும்போது ஒடியும். இரண்டு தகடுள்ள தக்கை எடுப்பானைத் தக்கையின் இரு பக்கமும் இறக்கி, சுழற்றியபடியே தூக்குங்கள். அது இல்லையென்றால் நீளமான திருகாணியைத் தக்கையின் அடி வரை ஏற்றி, அவசரமில்லாமல் இழுங்கள். உடைந்து துகள் விழுந்தால் பதறாதீர்கள், எப்படியும் வடிகட்டப் போகிறோம். பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் கழுத்தையே வெட்டுகிற வித்தை ஒன்று உண்டு. சமையலறை கேஸ் அடுப்பில் அதை முயற்சி செய்யாதீர்கள்.

வடிகட்ட வெள்ளை மல்துணி போதும். சோப்பு வாசம் போக வெந்நீரில் அலசிப் பிழிந்துகொள்ளுங்கள். வீட்டு காபி ஃபில்டர் வேண்டவே வேண்டாம், டிகாக்‌ஷன் வாசம் ஒட்டிக்கொள்ளும். கழுத்துக்குக் கீழே செல்போன் டார்ச்சை வைத்து, கண்ணாடிக் கூஜாவில் ஒரே சாய்ப்பில் ஊற்றுங்கள். நடுவில் நிமிர்த்தினால் வண்டல் கலங்கி மொத்தமும் சேறாகிவிடும். வெளிச்சத்தில் கருப்பு இழை தோளுக்கு ஏறி வரும்போது நிறுத்துங்கள். அடியில் 50 மில்லி போனால் போகட்டும்.

இருபது முப்பது வயது ஒயினுக்கு நான்கைந்து மணி நேரம் காற்றாட வேண்டும். ஐம்பது தாண்டியதற்கு ஒரு மணி நேரம் போதும், அதற்கு மேல் விட்டால் வாசம் பறந்துவிடும். குடிக்கும்போது 16 முதல் 18 டிகிரி. நம் ஊர் அறைச் சூட்டில் ஊற்றினால் சாராய நெடிதான் மூக்கில் ஏறும், அதனால் கூஜாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஐஸ், சோடா போடுகிறவர்களைக் கூப்பிடாதீர்கள்.

ஆளுக்கு 70 மில்லி என்றால் பத்துப் பேருக்கு வரும். லிட்டருக்கு 100 கிராம் பக்கம் சர்க்கரை இருக்கிறது, ஒரு ஊற்றுக்கு ஒன்றரை டீஸ்பூன். சுகர் உள்ளவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருந்தால் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும். தொட்டுக்க வறுத்த பாதாம், வால்நட், கொஞ்சம் உப்பேறிய சீஸ். கறி தோசையை முன்னாடியே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் இந்த ஆல்கஹால் தொண்டையை எரிக்கும்.