லைக்கன் இருந்தால் உலோக மாசு இல்லை என்பது தவறு
"மணலி மரங்களில் லைக்கன் படர்ந்திருக்கிறது, ஆகவே அங்கே காற்றில் உலோக மாசு இல்லை" என்று சென்னையின் தொழிற்சாலைப் பகுதியான மணலியைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். (லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிரி.) தயவுசெய்து இதைப் பரப்ப வேண்டாம். அந்தக் காற்றைக் குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள். கந்தக டை ஆக்சைடு பட்டால் பல லைக்கன்கள் அழிந்துவிடும் என்பது உண்மை. உலோகக் கதை வேறு. பிக்ஸினி கோகோயஸ் போன்ற இனங்கள் மாசான நகரங்களிலும் தாக்குப்பிடிக்கும். லைக்கனுக்கு வேர் கிடையாது, இலைகளின் மேல் இருப்பது போன்ற மெழுகுப் பூச்சும் கிடையாது; மழையும் தூசியும் கொண்டுவரும் ஈயமும் துத்தநாகமும் அதன் உடலிலேயே சேரும். (பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் லைக்கன்தான், எங்கே பறித்தது என்பது முக்கியம்.) லைக்கனை உலர்த்தி, அமிலத்தில் கரைத்து, ஆய்வகத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும். சாலை நடுவே நிற்கும் அரளியும் உதவும்: கழுவிய இலை, கழுவாத இலை இரண்டையும் தனித்தனியே சோதித்தால், மேலே படிந்த தூசியின் பங்கு பிடிபட்டுவிடும்.