படுகளம் ஒரே நாளில் வந்துவிடாது

பங்குனி பிறந்தால் செய்யாறு, வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்துச் சுவர்களில் 'அக்னி வசந்த விழா' சுவரொட்டிகள் முளைத்துவிடும். ஆனி, ஆடி வரைக்கும் ஊர் மாற்றி ஊர் திரௌபதி அம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். இப்போது சில ஊர்களின் அழைப்பிதழைப் பார்த்தால் மனசு கனக்கிறது. கொடியேற்றம், ஒரே ஒரு இரவு கூத்து, மறுநாள் காலை மண்ணில் செய்த துரியோதனன் உருவத்தை வீமன் அடிக்கும் படுகளம், மாலை தீமிதி, இரவு இன்னிசைக் கச்சேரி. மூன்று நாளில் பாரதம் முடிந்துவிடுகிறது.

செலவு ஏறிவிட்டது, இளைஞர்கள் வெளியூரில் இருக்கிறார்கள், லீவு கிடைப்பதில்லை என்கிறார்கள். எல்லாமே நியாயமான காரணங்கள்தான். ஆனால் எதை வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்ட வேண்டும். பகலில் பாரதம் கேட்பது, இரவில் கூத்து பார்ப்பது, களத்தில் ஊரே இறங்கிச் செய்வது, இந்த மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரி. ஒன்றை உருவிவிட்டு மற்ற இரண்டும் தாங்கும் என்று நினைப்பது தப்பு.

முறையாக நடக்கும் ஊரில் வரிசை இப்படி இருக்கும். காப்புக் கட்டியதும் பாரதம் படிக்கத் தொடங்குவார்கள். மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் பிரசங்கி உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை போகும். வில்லிபுத்தூரார் பாடிய பாரதத்தில் 4,300-க்கும் மேற்பட்ட விருத்தங்கள் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை அதை 14,000 பாட்டு அளவுக்கு விரித்தார். பிரசங்கி ஒரு பாட்டை ராகத்தோடு பாடி, பிரித்து, ஊருக்குப் புரிகிற பேச்சில் சொல்லி, நடுவே கிளைக்கதை ஒன்றையும் சேர்த்துக்கொண்டு போவார். பதினெட்டு, இருபது நாள் இது நடக்கும். கடைசி எட்டுப் பத்து நாள்களில் கூத்தும் சேர்ந்துகொள்ளும். பகலில் காதால் கேட்டது, இரவு பத்து மணிக்கு மேல் வேடம் கட்டி எதிரே வந்து நிற்கும்.

மூன்றாவது புரி ஊர் தானே கதையாவது. பகாசுரன் வதம் அன்று வீமன் சோற்று வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவார். வீட்டுக்கு வீடு சோறும் குழம்பும் பலகாரமும் கொண்டுவந்து போடுவார்கள். அந்த நேரத்தில் நம் தெரு ஏகசக்கரபுரம். விராட பர்வத்தில் மாடுபிடிச் சண்டை என்றால் ஊர் மாடுகளே விராடனின் மந்தை. பார்க்க வந்தவர் என்று அங்கே ஒருவரும் கிடையாது.

அர்ச்சுனன் தபசும் அப்படித்தான். நாற்பது, ஐம்பது அடிப் பனைமரத்தைச் செதுக்கி, படி வைத்து, உச்சியில் மேடை கட்டி நடுவார்கள். அர்ச்சுனன் வேடக்காரர் ஒவ்வொரு படிக்கும் பாட்டுப் பாடி ஏறி, மேலிருந்து எலுமிச்சை, விபூதி, வில்வம், பூ எல்லாம் வீசுவார். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரச்சேலையோடு கீழே காத்திருப்பார்கள். மடியில் ஒரு பழம் விழுந்துவிட்டால் அந்த முகத்தில் வரும் மாற்றத்தைப் பார்க்க வேண்டும். இதில் அவசரம் கூடவே கூடாது. நீளத்தில் ஆறில் ஒரு பங்காவது மரம் மண்ணுக்குள் போக வேண்டும், சுற்றிலும் கல் போட்டுக் கெட்டிக்க வேண்டும். படிகளை ஆணியில் மட்டும் நிறுத்தக் கூடாது, மரத்தைத் துளைத்துக் குறுக்கே கட்டை செருக வேண்டும். ஆணிப்படி முதல் வருஷம் தாங்கும், மழையில் நனைந்து துரு ஏறிய அடுத்த வருஷம் காலைவாரும். புஜக்கட்டையும் கிரீடமும் கட்டிய ஆள் ஏறுகிறார் என்பதை மறக்காதீர்கள். மின்கம்பி பக்கத்தில் போனால் மரத்தை வேறு இடத்தில் நடுங்கள். 'போன வருஷமும் இங்கேதான் நட்டோம்' என்பது பதிலே இல்லை.

இனி வெட்டவே கூடாத இரவுக்கு வருகிறேன். அது பகடை துகில், சூதாட்டத்தையும் திரௌபதியின் துகிலுரிப்பையும் ஆடும் கூத்து. துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கை வைக்கும் முன் கூத்து நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். அவர் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். சபையில் திரௌபதி கூந்தலை அவிழ்த்துவிட்டுச் சபதம் செய்வாள்: துரியோதனன் தொடை பிளந்த ரத்தம் தடவித்தான் இந்தக் கூந்தலை முடிப்பேன். அந்த இரவு அவிழ்ந்த கூந்தல்தான் படுகளத்தன்று காலை முடிகிறது. விழாவின் முதுகெலும்பு இதுதான். கூந்தல் அவிழ்ந்ததைப் பார்க்காத ஊருக்கு, முடிவதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? மண்பொம்மை மேல் ஒருவர் ஏறி அடிக்கிறார், அவ்வளவுதான் தெரியும். செல்போனில் படம் எடுக்கும் கூட்டம் பெருத்து, கண்கலங்கும் கூட்டம் குறைந்ததற்கு இளைஞர்களைத் திட்டுகிறோம். அவர்களுக்கு முன்கதையைக் காட்டாமல் விட்டது நாம்தான்.

அரவான் களப்பலியும் அப்படியே. வியாச பாரதத்தில் அரவான் எட்டாம் நாள் போரில் சாகிறான். போருக்கு முன் தன்னையே பலி கொடுப்பது தமிழ்நாட்டுக் கதை. ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனார் பாரத வெண்பாவிலேயே அது இருக்கிறது, வில்லியிலும் இருக்கிறது. வெட்டுண்ட தலை போர் முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கும் என்ற வரமும், சாகுமுன் ஒரு நாள் கல்யாணமும், மோகினியாகக் கண்ணன் வந்ததும் ஊர் வளர்த்த கதை. கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் திருநங்கைகள் தாலி கட்டி, மறுநாள் அறுத்து அழுவது இந்தக் கதையிலிருந்துதான் வந்தது. அதுவும் பதினெட்டு நாள் விழா, செய்தியில் வருவது கடைசி இரண்டு நாள்தான்.

போர்மன்னன் என்ற போத்துராஜாவின் கதையையும் பல ஊர்களில் விட்டுவிட்டார்கள். கையில் தலை ஏந்திக் கோயில் முன் நிற்கும் போத்துராஜா யார் என்று இன்று எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? பாண்டவரின் தங்கை சங்குவதியை மணந்து அம்மனுக்குக் காவலானவர் அவர். பக்கத்திலேயே முத்தால ராவுத்தர், இஸ்லாமியக் காவல் வீரர். எந்த வடமொழிப் பாரதத்திலும் இந்த இருவரும் இல்லை. செஞ்சி மேலச்சேரியை அம்மனின் தாய்க்கோயிலாகச் சொல்லும் மரபிலிருந்து வருபவர்கள். கூத்து போனால் இவர்கள் வெறும் சிலையாகிவிடுவார்கள்.

நாள் குறைத்தே ஆக வேண்டும் என்றால் என் கணக்கு இது. ராஜசூய யாகத்தையும் சுபத்திரை திருமணத்தையும் பிரசங்கியிடம் விட்டுவிடலாம். குறவஞ்சியை விடுவதற்கு மனசு வராது, ஆனாலும் விடலாம். வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கண்ணன் தூது, அரவான் களப்பலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர், இந்த எட்டு இரவும் வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால் பகடை துகில், அரவான் களப்பலி, பதினெட்டாம் போர் மூன்றையாவது காப்பாற்றுங்கள். அந்தக் கச்சேரிக்குப் போகும் பணத்தைக் கூத்துக்குத் திருப்பினால் இன்னும் ஓரிரு இரவு தேறும்.

கூத்தை வைத்தோம் என்று பேர் பண்ணவும் கூடாது. கூத்து ஆடும் களரி தரையில் இருக்க வேண்டும். அரசியல் கூட்டத்துக்குப் போடுவது போல ஆறடி உயரத்தில் பலகை மேடை போட்டால் சுழன்று கிறிக்கி அடிக்கும்போது பலகை துள்ளும், ஆடுபவருக்குக் கால் ஊன்றாது, முன்வரிசைக்குக் காலடியே தெரியாது. கலியாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் எடை குறைவுதான், ஆனாலும் எட்டு மணி நேரம் சுமக்க வேண்டும். வேடம் கட்டவே இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்குக் கூரையும், நல்ல விளக்கும், தண்ணீரும் உள்ள இடம் கொடுங்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். முகவீணை என்ற ஊதுகருவி காதைக் கிழித்தால் பாட்டு புரியாது, பாட்டு புரியாவிட்டால் ஊர், கோமாளியாக வரும் கட்டியங்காரனுக்கு மட்டும் சிரித்துவிட்டு எழுந்து போய்விடும்.

படுகளத்து மண் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த விழா கோடையில் வருவதற்கு அறுப்பு முடிந்த ஓய்வு ஒரு காரணம். ஏரி வற்றியிருக்கும் என்பதும் வசதி, அடிக்களிமண் கைக்கு எட்டும். துரியோதனன் உருவம் ஐம்பது, அறுபது அடி நீளத்துக்கும் போகும், சில ஊர்களில் அதற்கும் மேலே. தலைமுதல் கால்வரை கயிறு பிடித்து அளவு போட்டு, உள்ளே சாதாரண மண்ணைக் குவித்துத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் ஊறவைத்துப் பிசைந்த களிமண்ணை மூன்று நான்கு விரல்கடை கனத்துக்குப் பூசுவது நல்லது. முழுக்க ஈரக் களிமண்ணாகக் குவித்தால் சித்திரை வெயிலில் மார்பு பிளந்துவிடும். மணல் கலந்தால் மூக்கும் மீசையும் நிற்காது. பூசி முடித்த பகுதியைத் தென்னங்கீற்றால் மூடி, அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜேசிபி மண்ணைக் கொட்டலாம், உருவத்தை அதால் பிடிக்க முடியாது. குயவரையோ பொம்மை செய்து பழகியவரையோ முதல் நாளே வரவழையுங்கள். கண் திறப்பது கடைசியில்தான்.

தொடைக்குள் புதைக்கும் கலயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புது மண்கலயமாக இருக்க வேண்டும். மேலே ஒரு விரல்கடை மண்தான் இருக்கலாம், ஆழமாகப் புதைத்தால் வீமன் எத்தனை அடி அடித்தாலும் உடையாது, கூட்டத்தில் சலசலப்பு வந்துவிடும். உள்ளே மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தி நீர் போதும், ரத்தச் சிவப்பு தானாக வரும். கடைச் சாயப்பொடி வேண்டாம். அது திரௌபதி வேடக்காரரின் தலையிலும் கண்ணிலும் இறங்குகிறது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதும் நடக்கிறது. அது பிளக்காது, பிதுங்கும்.

நேரம் அடுத்த பிரச்சினை. பதினெட்டாம் போர் இரவு முழுக்க ஆடிய துரியோதனனும் வீமனும் அரிதாரம் கலைக்காமல் அப்படியே களத்துக்கு வருகிறார்கள். காலை எட்டு, எட்டரைக்குள் அடி விழ வேண்டும். பிரமுகர் வருகிறார், பொன்னாடை போர்த்த வேண்டும் என்று பதினொரு மணி வரை இழுத்தால், தூக்கம் இல்லாமல் வேடத்தோடு கொதிமண்ணில் நிற்பது அந்தக் கலைஞர்கள்தான். மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு? மரியாதை எல்லாவற்றையும் மறுநாள் தருமர் பட்டாபிஷேகத்தன்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அந்த நாள்தான் பொருத்தம்.

அடி விழுந்து, கூந்தல் முடிந்து, காந்தாரி ஒப்பாரி வைத்து முடித்ததும் அந்த உருவத்து மண்ணுக்கு ஒரு நெருக்கடி வரும். முந்தானையிலும் துண்டிலும் முடிந்துகொண்டு போய்க் குதிரிலும் மாட்டுக் கொட்டகையிலும் போடுவார்கள். அந்த மண்ணை அள்ளும் கைகளில் எந்தத் தெருக் கை என்று யாரும் பார்ப்பதில்லை. கோயில் வாசலில் மட்டும் பார்ப்பது எப்படி? அவையில் எல்லார் முன்னாலும் நீதி கேட்டு நின்றவள் திரௌபதி. அவள் வாசலில் ஒரு தெருவை வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் தீமிதியை நான் விழாவென்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தீமிதி பற்றிச் சுருக்கமாக. புளி, வேல் போன்ற காய்ந்த கெட்டிக் கட்டை, மாலை ஆறு மணிக்கு இறங்குவதென்றால் மதியம் ஒரு மணிக்கே மூட்ட வேண்டும். கடைசி நேரத்தில் புதுக்கட்டை போட்டால் உள்ளே எரியாத துண்டு புகையும், சுவாலை எழும். நீண்ட பச்சை மூங்கிலால் தட்டிச் சமன் செய்து, தணல் படுகையை ஒரே மட்டமாக, மெல்லியதாக வைக்க வேண்டும். ஆழமாகக் குவித்தால் கால் புதையும், காயமெல்லாம் அதில்தான். கால் சொட்டச் சொட்ட இறங்கினால் கங்கு ஒட்டும். நெய்யையோ கற்பூரத்தையோ அந்த நேரத்தில் குண்டத்தில் எறியாதீர்கள். நைலான் சேலை, பாலியஸ்டர் வேட்டி வேண்டாம். தணலைத் தாண்டியதும் கால் வைக்கும் பால்குழியில் யாரையும் நிற்க விடாதீர்கள், முன்னால் போனவர் அங்கே நின்றால் பின்னால் வருபவர் தணலில் நிற்பார். கரையேறும் இடத்தில் இரண்டு பக்கமும் திடமான நாலு நாலு பேர் கைதூக்க இருக்க வேண்டும். தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் முன்கூட்டியே சொல்லி, வழியையும் விட்டு வையுங்கள்.

சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் ஐப்பசியில் தீமிதி நடக்கிறது. அவ்வளவு நெருக்கடியான நகரத்திலும் மாதக்கணக்கில் முன்பே கொடியேற்றித் திருமணம், தபசு, அரவான், படுகளம் என்று வரிசை கெடாமல் செய்துவருகிறார்கள். இலங்கையில் உடப்பிலும் பாண்டிருப்பிலும் திரௌபதி கோயில்கள் பாரதக் கதையை விடாமல் விழா எடுக்கின்றன. செஞ்சிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நமக்கு நேரமில்லை என்றால் எப்படி ஏற்பது?

விழாக்குழுவில் இருப்பவர்கள் தை மாதத்திலேயே உட்காருங்கள். முதலில் பிரசங்கி, பிறகு கூத்து ஜமா (கூத்துக் குழு), பிறகு மண் வேலைக்காரர், இந்த வரிசையில் முன்பணம் கொடுங்கள். பந்தலும் சீரியல் விளக்கும் எப்போது கேட்டாலும் கிடைக்கும், நல்ல கூத்து ஜமா சித்திரையில் கேட்டால் கிடைக்காது. அழைப்பிதழில் உபயதாரர் படத்தைச் சிறிதாக்கி, எந்த இரவு எந்தக் கூத்து, எத்தனை மணிக்கு என்று பெரிய எழுத்தில் போடுங்கள். பகடை துகில் சனிக்கிழமை இரவில் விழும்படி கொடியேற்றத் தேதியைக் குறியுங்கள், வெளியூர்ப் பிள்ளைகள் அதற்காவது வந்து சேர்வார்கள்.