1,667 தமிழுக்கு ஒத்துவராத கணக்கு

நவம்பர் மாதத்துக்குள் ஒரு நாவலை எழுதி முடிக்க, 30 நாளில் 50,000 சொல், அதாவது தினம் 1,667 எழுதச் சொல்கிறது ஒரு கட்டுரை. 1999-இல் அமெரிக்காவில் தொடங்கிய நாநோரைமோ (NaNoWriMo) என்ற ஒரு மாத நாவல் சவாலின் கணக்கு அது, ஆங்கிலத்துக்குப் போட்டது. அங்கே நாலைந்து சொல் பிடிப்பதை நாம் ‘வந்துகொண்டிருந்தானாம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். தமிழில் 30,000 போதும், தினம் 1,000.

தள்ளிப்போடுகிறவர்களைக் கவிழ்ப்பது சோம்பல்கூட இல்லை, பாக்கிதான். மூன்று நாள் விட்டால் 3,000 சேர்ந்துவிடும். அதை நினைத்தாலே கோப்பைத் திறக்க மனம் வராது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக அடைத்துவிடலாம் என்று உட்காராதீர்கள். 20 நாள் மீதமிருந்தால் தினம் 150 கூட்டினால் சரியாகிவிடும்.

இன்னொன்று, அத்தியாயத்தை முடித்துவிட்டு எழுந்திருக்கக் கூடாது. ‘அவள் பீரோவைத் திறந்தபோது’ என்று பாதி வாக்கியத்தில் விட்டுவிடுங்கள், மறுநாள் முதல் வரிக்காகத் தவிக்க வேண்டாம். ஊர்ப்பெயரோ பஸ் நேரமோ தெரியாவிட்டால் அந்த இடத்தில் ‘ஃஃஃ’ போட்டுவிட்டு நகருங்கள், டிசம்பரில் தேடி நிரப்பலாம். ‘ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கூகுளுக்குள் போனால் அன்றைய 1,000 போச்சு. எழுத்துப்பிழை திருத்துவதும் அதே ரகம்தான், வேலை செய்கிற மாதிரியே இருக்கும்!